இரு பட்டியல்களிலும் இல்லாதவர்கள்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. 1950க்கு முற்பட்டவை என்றது பின்னர் வந்த ஜனாதிபதி ஆணைக்குழு.

ஜே.வி.பி. கிளர்ச்சி நசுக்கப்பட்ட 1989இல் மாத்தளையின் இராணுவ இணைப்பதிகாரி கோட்டாபய ராஜபக்ஷ. அவர் பாதுகாப்புச் செயலாளரானபின், அப்பகுதிப் பொலிஸ் நிலையங்களில் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளை அழிக்க உத்தரவிட்டதாக 2023இல் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கையொன்று சொன்னது. யாரைப் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு அந்தப் புத்தகங்களைவிட நேரான சாட்சி ஏது?

பதிவேடு அழிந்தாலும் கணக்கெடுக்க வழி உண்டு. வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே திரட்டிய இரு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 100 பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 பெயர்கள் இரண்டிலும் இருந்தால் விடுபட்டவர்கள் சிலரே. மொத்தம் 125 அளவில் நிற்கும். பத்துப் பெயர்களே பொருந்தினால் மொத்தம் 1000 வரை போகலாம். புள்ளியியலாளர் பற்றிக் போலும் அவரது குழுவினரும் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்து காணாமற்போனோரை இப்படித்தான் மதிப்பிட்டு, ஏறத்தாழ 500 பேர் என்றனர். அமெரிக்காவில் பொலிஸாரால் கொல்லப்பட்டோரில் பலர் அரசாங்கக் கணக்கிலேயே இல்லை என்பதும் 2015இல் இவ்வழியில் தெரியவந்தது.

ஆனால் ஒரே அச்சம் ஒருவரை எல்லாப் பட்டியல்களிலிருந்தும் விலக்கிவைத்தால் இந்தக் கணக்கும் குறைத்தே சொல்லும். றத்தோட்டைப் பக்கத் தோட்டத்து இளைஞன் பொலிஸில் அடிபட்டு வந்தால், சிங்களத்தில் எழுதப்படும் முறைப்பாட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்திட எத்தனை தாய்மார் துணிவார்கள்? தமிழில் முறைப்பாடு பதியாத இடத்தில் தரவு நேர்மையாக இருக்க முடியாது.

எண்ணுவது மட்டும் போதாது என்பதையும் கண்டுவிட்டோம். 2023 டிசம்பரில், சித்திரவதை வழக்கொன்றில் பொலிஸ் உயரதிகாரி தேசபந்து தென்னகோன் அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக்கப்பட்டார். 2025இல்தான் பாராளுமன்றம் அவரை நீக்கியது. தீர்ப்பு பதவி உயர்வுக் கோப்பை எட்டாத நாட்டில் புள்ளிவிவரம் வெறும் காகிதம்.

சட்ட வைத்திய அதிகாரியின் காயக் குறிப்பு, நீதவான் முன் சொல்லப்பட்டவை, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாடுகள் மூன்றையும், பாதிக்கப்பட்டோரின் பெயர் வெளியாகாமல், பொலிஸ் நிலையவாரியாக ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எந்த நிலையத்தில், எந்த அதிகாரியின் காலத்தில் காயங்கள் கூடுகின்றன என்பது அப்போது தெரியும்; இடமாற்றமும் பதவி உயர்வும் அதைப் பார்த்தே நடக்க வேண்டும். 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மாத்தளை மக்கள் தங்கள் பொலிஸ் நிலையத்தின் கணக்கை எழுத்தில் கேட்கத் தொடங்கட்டும்.