தூங்க இடம் வாங்கிய டிரைவருக்கு அபராதம்



திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் டூரிஸ்ட் வேன்களுக்கும் பஸ்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒதுக்கப்படும் இடம், வண்டி நிற்பதற்கு என்பதைவிட டிரைவர் தூங்குவதற்கே அதிகம் தேவைப்படுகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஏறத்தாழ 200 கி.மீ. ஓட்டி வருபவர், பயணிகள் 14 கி.மீ. மலையைச் சுற்றி முடிக்கும் நாலைந்து மணி நேரத்தில் கண்ணயர்ந்தால்தான் உண்டு. அவர்கள் ஈசான்ய லிங்கத்தைத் தாண்டி, டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்ததும் வண்டியை எடுத்தாக வேண்டும். ஏறியவர்கள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். விழித்திருக்க வேண்டியவர் ஒருவர்தான்.

டிரைவரின் ஓய்வு சட்டத்துக்குப் புதிய விஷயமில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. இரவில் தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்றும் அது சொன்னது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களை மட்டும் அது தொடவில்லை. அதனால், ஒரே வேனை வைத்துப் பிழைப்பவரின் ஓய்வறை அந்த வேனின் பின் சீட்தான். லாரி டிரைவர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்ற தங்குமிடங்களை நடத்துகின்றன. 2025 ஜூலை நிலவரப்படி நாடு முழுவதும் 368 இடங்களில் 4,611 படுக்கைகள். கோயில் ஊர்களுக்கு வரும் வேன் டிரைவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு செவ்வகம், அதுவும் காசு கொடுத்தால்.

கடந்த பௌர்ணமியில் காசு கொடுத்தும் அது கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு நிறுத்துமிடத்தில் வேன்களுக்கென்று கோடு போட்டு, கயிறு கட்டி, வரிசை எண் எழுதி, மத்தியானத்திலிருந்தே சீட்டு கிழித்தார்கள். சீட்டில் வண்டி எண், வரிசை எண், நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இருட்டுவதற்குள் கயிறு அவிழ்ந்தது. கண்ணாடியில் பாஸ் ஒட்டிய கார்கள், பாஸ் இல்லாமல் கொடி மட்டும் கட்டிய கார்கள், கொடியும் இல்லாமல் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி நுழைந்த கார்கள் என்று வேன் வரிசை நிறைந்துபோனது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வேன் டிரைவர், பயணிகளைக் கிரிவலப் பாதையருகே இறக்கிவிட்டு வந்து தன் எண்ணைத் தேடினார். அதன் மேல் ஒரு கார் நின்றது. பக்கத்து எண்ணையும் சேர்த்து அடைத்தபடி குறுக்காக நின்றது. சீட்டு கொடுத்தவர் போலீஸைக் கை காட்டினார். போலீஸ்காரர் நிறுத்துமிடத்தின் குத்தகைதாரரைக் கை காட்டினார். குத்தகைதாரர் போனை எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த தீர்வு ஒன்றுதான்: அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும். தமிழ் தெரியாத அந்த மனிதருக்கு அது மட்டும் நன்றாகவே புரிந்தது.

அவர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தண்டராம்பட்டு சாலையோரம் வண்டியை ஒதுக்கினார். கண்ணை மூடுவதற்குள் கண்ணாடியைத் தட்டினார்கள். நோ பார்க்கிங், 500 ரூபாய் அபராதம். சட்டைப் பையில் நிறுத்துவதற்குக் கட்டிய பணத்தின் ரசீது, செல்போனில் நிறுத்திய குற்றத்துக்கான செய்தி. இரண்டும் ஒரே வண்டிக்கு, ஒரே இரவில். அவருடைய இடத்தில் குறுக்காக நின்ற காரின் மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டப்படவில்லை. இந்த ஊரில் சட்டம் தூங்குவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்; டிரைவரையும் தூங்க விடுவதில்லை. விடியுமுன் பயணிகள் திரும்பினார்கள். ஒரு நிமிடம்கூடத் தூங்காதவர் வண்டியைக் கிளப்பினார்.

அதிகாரம் போதவில்லை என்ற பேச்சு எடுபடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு வாகனம் நிற்கும் இடங்களை உள்ளாட்சியுடன் கலந்து தீர்மானிக்க வழி செய்கிறது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் 127ஆம் பிரிவு சீருடைக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. வேனுக்கென்று அறிவித்த வரிசையை மற்ற வண்டிகளுக்குத் தடை செய்த இடமாகவும் முறையாக அறிவித்துவிட்டால் பூட்டுப் போட வேறு தடையில்லை. சொகுசுக் காரின் சக்கரத்துக்குப் பூட்டு சேராது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

கூட்டம் அதிகம், கட்டுப்படுத்த முடியாது என்பது அடுத்த சமாதானம். கார்த்திகை தீபத்தன்று பௌர்ணமியைவிடப் பல மடங்கு கூட்டம் வருகிறது. வேலூர் சாலை முதல் காஞ்சி சாலை வரை, ஊருக்குள் வரும் ஒன்பது சாலைகளிலும் வண்டிகளை வெளியே நிறுத்தி, தற்காலிகப் பஸ் நிலையங்கள் அமைத்துச் சமாளிக்கத்தான் செய்கிறார்கள். கோயில் ஊரில் கட்டணமே கூடாது என்பவர்களும் உண்டு. அது வேறு வழக்கு. வாங்கிய பணத்துக்கு இடம் கொடுத்துவிட்டு அதைப் பேசலாம்.

டிரைவர்தானே, ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கட்டும் என்பதற்குப் பதில் சொல்வதே வீண். ஆனாலும் அமெரிக்காவில் நடந்ததைக் குறிப்பிடலாம். 2009இல் தெற்குக் கரோலினாவில், பாதுகாப்பாக நிறுத்த இடமில்லாமல் மூடிக்கிடந்த பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தித் தூங்கிய ஜேசன் ரிவன்பர்க் கொல்லப்பட்டார். அவர் பெயரால் 2012இல் வந்த சட்டம், லாரி நிறுத்துமிடப் பற்றாக்குறையை நாடு தழுவிய சாலைப் பாதுகாப்புப் பிரச்சினையாக ஏற்று, அதற்கு மத்திய நிதி செலவிட வழி செய்தது. அங்கே பெரிய டிரக் ஸ்டாப்புகளில் இன்று கட்டண முன்பதிவு இடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். இங்கே அவ்வளவு தூரம் யாரும் போகச் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேன் வரிசையின் வாசலில் இரவு முழுதும் ஒரு காவலர் நிற்க வேண்டும். வரிசை எண்ணும் வண்டி எண்ணும் பொருந்தாத எந்த வண்டியும், எந்தப் பாஸ் ஒட்டியிருந்தாலும், உள்ளே போகக் கூடாது. போனால் பூட்டு. இருக்கும் இடத்துக்கு மேல் ஒரு சீட்டுகூடக் கிழிக்கக் கூடாது. குத்தகைதாரர் இடம் தரத் தவறினால் அவருடைய வைப்புத்தொகையிலிருந்து பணத்தை எடுத்து அங்கேயே திருப்பித் தர வேண்டும். அன்றிரவு சீட்டு வைத்திருந்தும் சாலையோரத்துக்குத் துரத்தப்பட்ட வண்டிகளின் மீது போட்ட அபராதங்களை ரத்து செய்ய, ரசீதுகளையும் அபராதப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். இரண்டிலும் வண்டி எண் தெளிவாக அச்சாகியிருக்கிறது.

சுற்றுலா வேன் உரிமையாளர் ஒருவர்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை