கணக்கில் வராத அகதிகள்

"சாஸ்திரிய சங்கீதம் மேல்சாதிக்காரன் சொத்து. நமக்கெதுக்கு தோழர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கும் பாதி அப்படித்தான் தோணும். ஆனாலும் 1971 ஆகஸ்ட் 1-ஐ அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவம் ஆடிய வெறியாட்டத்துக்குத் தப்பி இந்தியாவுக்குள் வந்தவர்கள் அந்த வருஷக் கடைசிக்குள் ஒரு கோடி. ரவிசங்கரின் பூர்வீகம் அந்த மண். அலி அக்பர் பிறந்ததே அங்கேதான். இருபத்தைந்தாயிரம் டாலர் தேறினால் போதும் என்றுதான் ரவிசங்கர் ஆரம்பித்தார். விஷயத்தை நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொல்ல, அவர் பாப் டிலன் வரைக்கும் கூட்டிவந்துவிட்டார். ஒரே நாளில் இரண்டு கச்சேரி, 40,000 பேர். சுருதி சேர்த்ததையே வாசிப்பு என்று நினைத்துக் கைதட்டியது கூட்டம். (பறையை நெருப்பில் காய்ச்சும்போதே ஆட்டம் தொடங்கிட்டதா நினைக்கிறவங்க நம்ம ஊரிலும் உண்டு.)

வாசல் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். பகலெல்லாம் கவுண்டரில் காசு எண்ணுகிற எனக்கு அந்த 50 சென்ட் பிடித்திருக்கிறது. சில்லறை வரைக்கும் எண்ணி யுனிசெஃபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணம், முன்கூட்டியே வரிவிலக்கு கேட்கவில்லை என்று அமெரிக்க வரித்துறையில் வருஷக்கணக்காக முடங்கிக் கிடந்தது. பசித்த பிள்ளைகள் அதுவரைக்கும் காத்திருக்குமா?

இசைத்தட்டு அட்டையில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. அதுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை. இரக்கப்படுகிறவர்களுக்கு அகதி அப்படி இருந்தால்தான் தோது. ஆனால் எல்லை தாண்டி வந்தவர்களில் நாமசூத்திர விவசாயிகள் ஏராளம். 1946-ல் அண்ணலை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிவைத்ததும் அந்த மக்களின் பிரதிநிதிகள்தான்.

அதற்கு முந்தியே வந்த நாமசூத்திர அகதிகளைத் தண்டகாரண்யத்துக் காட்டில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தார்கள். அங்கே பிழைக்க வழியில்லாமல் 1978-ல் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவுக்கு வந்து, தாங்களே குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1979 ஜனவரியில் இடதுசாரி அரசு 144 போட்டு, சோறும் தண்ணியும் போகவிடாமல் தீவைப் படகுகளால் வளைத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி எல்லோரையும் விரட்டியது. செத்தவர்கள் எத்தனை பேர்? எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் இன்றுவரை கிடையாது. அங்கே 50 சென்ட்டுக்குக் கணக்கு இருக்கு.

இதற்காக ரவிசங்கரைத் திட்ட எனக்கு மனசில்லை. தன் சனம் சாகும்போது கையில் இருந்ததை வைத்து அவர் செய்தார். நண்பரைக் கூப்பிட்டு, அன்று அவர்கள் வாசித்த 'பங்ளா துன்'னைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. மரிச்ஜாப்பிக்கு யாரு வாசிச்சா?"

"நாம ஒரு கூட்டமாவது போட்டிருக்கோமா தோழர்?" என்றேன்.