மலையில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கும் மிட்வைஃபரி படிப்பு: ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கிராம சுகாதார செவிலியர்கள் பல பத்தாண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்துத் தந்த பெருமை இது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே 44.9 விழுக்காடு குழந்தைகள் அறுவைச் சிகிச்சையில் பிறக்கின்றன. நாட்டின் சராசரி 21.5 தான். தனியாரை விட்டுவிட்டு அரசு மருத்துவமனைகளை மட்டும் பார்த்தாலும் 36. தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வலி எடுத்ததிலிருந்து அவள் கூடவே இருந்து, பொறுமையாகப் பார்த்து, இயல்பாகப் பெற்றெடுக்கத் துணைநிற்கும் ஆள்தான் நம்மிடம் போதவில்லை.

அந்த ஆளை உருவாக்கத்தான் மத்திய அரசு 2018இல் மிட்வைஃபரி சேவை வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி தந்து, சிக்கலில்லாத பிரசவங்களைத் தானே பொறுப்பேற்று நடத்தும் தகுதியைக் கொடுப்பது அதன் நோக்கம். கர்ப்ப காலம் தொட்டு மிட்வைஃப்கள் தொடர்ந்து கவனிக்கும் தாய்மார்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாக நடக்கிறது என்பதைக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன.

ஆனால் இந்தப் பயிற்சிக்கு யாரால் போக முடியும்? நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை வைத்துத்தான் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கின்றன. ஒருவர் ஒன்றரை வருடம் வெளியூர் விடுதிக்குப் போனால், அவருடைய நைட் ட்யூட்டி மற்ற இருவர் தலையில் விழும். கைக்குழந்தை வைத்திருப்பவரும் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்பவரும் விண்ணப்பமே போட மாட்டார்கள். கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் வேலை செய்பவர்களுக்கு இந்தப் படிப்பு மிக அதிகமாகத் தேவை. ஆனால் அவர்களுக்குத்தான் இது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

அதனால்தான் கலப்பு முறைப் பயிற்சியைக் கேட்கிறேன். பாடத்தை வேலை பார்க்கும் ஊரிலிருந்தே இணையத்தில் படிக்கட்டும். செய்முறைக்கு மட்டும் சில வாரங்கள் வீதம் பயிற்சி மருத்துவமனைக்கு வரட்டும். கென்யாவில் 2005இல் ஆம்ரெஃப் அமைப்பு அந்நாட்டு நர்சிங் கவுன்சிலோடு சேர்ந்து, பணியில் இருந்த 22,000 செவிலியரை இணையவழிப் படிப்பால் டிப்ளமா நிலைக்கு உயர்த்தும் இலக்கோடு இறங்கியது. அந்த நாட்டால் முடியும் என்றால் நம்மால் முடியாதா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். செவிலியர் பயிற்றுநராக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பிரசவத்தின் போக்கைக் குறித்துவரும் பார்ட்டோகிராஃப் வரைபடத்தையோ, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிரசவக் கவனிப்புப் படிவத்தையோ நிரப்பும் முறையைத் திரையில் அருமையாகக் கற்பிக்கலாம். ஒரே கேஸை பத்து முறை போட்டுப் பார்த்து, கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பிறகு எவ்வளவு காத்திருக்கலாம், எப்போது மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று நிதானமாக யோசிக்கலாம். வகுப்பறையில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு மடக்கிப் பிடிக்க ஒருவர், அடிவயிற்றில் சரியான இடத்தில் அழுத்த ஒருவர், நேரத்தைக் குறிக்க ஒருவர் என்று கூட்டாகப் பொம்மையில் செய்து செய்து பழக வேண்டும். ரத்தப்போக்கும் அப்படித்தான். கண்ணளவில் மதிப்பிட்டால் குறைத்தே சொல்வோம். அளவுக்கோடு போட்ட விரிப்பில் ரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்கியபோது கடுமையான ரத்தப்போக்கு 60 விழுக்காடு குறைந்ததாக, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு 2023இல் காட்டியது. அந்த வேகம் கைக்கு வர வேண்டும். அனுபவசாலி ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்காமல் அது வராது.

ஆகவே செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் இதைப் பார்த்துவிடாதீர்கள். லேபர் வார்டு வாரங்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வீடியோவை வைப்பதற்குக் கலப்பு முறை என்று பெயர் வைக்கக் கூடாது. இன்னொன்று, மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. பாடங்களைப் பதிவிறக்கி வைத்துப் படிக்கும்படி தர வேண்டும்.

படிப்பு நேரமும் ட்யூட்டி நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த பெண், சமையலும் முடித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கைப்பேசியைத் திறந்து படிப்பாள் என்று கணக்குப் போடுவது அநியாயம். வாரத்தில் ஒரு நாளையாவது படிப்புக்கென்று எழுதிக் கொடுங்கள். படிப்பவர் செய்முறைக்குப் போகும் வாரங்களில் மாற்று செவிலியரை அனுப்புங்கள்.

படித்து முடித்தவரைப் பொது இடமாறுதலில் டயாலிசிஸ் பிரிவுக்கோ அறுவை அரங்கத்துக்கோ அனுப்பிவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். அடுத்த பயிற்சிக்கான அரசாணையில், பயிற்சி பெற்றவர் லேபர் வார்டிலேயே மிட்வைஃப் பொறுப்பில், அதற்குரிய அதிகாரத்தோடும் ஊதியத்தோடும் பணியாற்றுவார் என்ற வரியைச் சேர்த்துக் கையெழுத்திடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
முன்னாள் செவிலியர் பயிற்றுநர் ஒருவர்