விடை வந்துவிட்டது, பாடம் வந்ததா? கணிதம், இயற்பியல் படிக்கும் மாணவர்களும் புதிய கருவிகளும்

கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும், சில விநாடிகளில் ஒவ்வொரு படியும் எழுதப்பட்ட விடை வந்து நிற்கிறது. 2009-ல் வுல்ஃப்ராம் ஆல்ஃபா வந்தபோது பிஎஸ்சி கணித மாணவர்களுக்குத் தொகையீட்டுக் கணக்குகள் எளிதாகின. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இயற்பியல் கணக்குக்கும் விளக்கத்துடன் விடை கிடைக்கிறது. இதைப் பிள்ளைகள் பயன்படுத்த விடலாமா, தடுக்க வேண்டுமா என்பது கல்லூரிப் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இன்று எழும் கேள்வி.

2023-ல் இரண்டு நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதற்குத் தெளிவான வழியைக் காட்டுகின்றன.

ஒரே தொழில்நுட்பம், இரண்டு விளைவுகள்

முதல் ஆய்வு துருக்கியில், ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்தது. பாடம் கணிதம். ஒரு பிரிவினருக்கு சாட்ஜிபிடி போன்ற கருவி அப்படியே கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் தந்து, விடையை நேரடியாகச் சொல்லாத கருவி கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டுமே. பயிற்சியின்போது முதல் பிரிவினர், கருவி இல்லாதவர்களைவிட 48 சதவீதமும், இரண்டாம் பிரிவினர் 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு நடத்தினார்கள். அப்போது முதல் பிரிவினர், கருவியையே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்புகள் மட்டும் பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு ஏற்படவில்லை.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதிப்பெண் இழந்த அந்த மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றதாக உணரவே இல்லை.

இரண்டாவது ஆய்வு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், தொடக்கநிலை இயற்பியல் படித்த 194 மாணவர்களிடம் நடந்தது. பரப்பு இழுவிசை, பாய்மங்களின் ஓட்டம் ஆகியவை பாடங்கள். ஒரு வாரம் பாதிப் பேர் வகுப்பிலும் மீதிப் பேர் வீட்டில் செயற்கை நுண்ணறிவு ஆசிரியரிடமும் படித்தார்கள். மறுவாரம் இடம் மாறினார்கள். கருவியிடம் படித்தபோது, குறைந்த நேரத்திலேயே இரு மடங்குக்கும் மேல் கற்றிருந்தார்கள். ஆனால் அந்தக் கருவியைப் பேராசிரியர்கள் பக்குவப்படுத்தி வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு படிதான் சொல்லும். முழு விடையையும் கொட்டாது. "நீ முதலில் யோசி" என்று மாணவரிடமே திருப்பிக் கேட்கும். சரியான தீர்வையும் ஆசிரியர்களே முன்கூட்டி அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆக, ஒரே வகைத் தொழில்நுட்பம் ஓரிடத்தில் மாணவரை உயர்த்தியது, இன்னோரிடத்தில் தாழ்த்தியது. யோசிக்கும் வேலையை யார் செய்தார் என்பதில்தான் வேறுபாடு.

கற்றல் எங்கே நடக்கிறது?

சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்கி வருகிறது, அதன் முடுக்கம் என்ன? இது எல்லா இயற்பியல் மாணவரும் செய்யும் கணக்கு. இதில் கூட்டலும் பெருக்கலும் சின்ன வேலை. எடை எந்தப் பக்கம் இழுக்கிறது, தளம் எந்தப் பக்கம் தள்ளுகிறது, உராய்வு எதை எதிர்க்கிறது என்று படம் போட்டுப் பிரித்துப் பார்ப்பதுதான் பாடம். அந்தப் படத்தைக் கருவி போட்டுக் கொடுத்தால் மாணவர் "சரிதான்" என்று தலையாட்டுவார். அதே சாய்தளத்தை, முடுக்கத்துடன் மேலேறும் லிஃப்டுக்குள் வைத்துத் தேர்வில் கேட்டால் பேனா நகராது.

நல்ல காரியின் ஓதலை நூறு முறை கேட்டவர் ஹாஃபிழ் ஆகிவிடுவதில்லை. உஸ்தாதின் முன் அமர்ந்து, தடுமாறி, திருத்தப்பட்டு, மறுபடி ஒப்பிக்க வேண்டும். கணக்கும் அப்படித்தான்.

தடுமாற்றம் மனதுக்குப் பிடிக்காது என்பதுதான் சிக்கல். 2019-ல் வெளியான மற்றொரு ஹார்வர்டு ஆய்வில், அழகான விரிவுரை கேட்ட இயற்பியல் மாணவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால், திணறியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள்.

செலவில்லாத நல்ல கருவிகள்

"கணக்குக்கு ஆப் வாங்க வேண்டும்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் பெற்றோர் சற்று நிதானியுங்கள். சிறந்த கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' தளத்தில் ஊசல், மின்சுற்று, அலைகள் ஆகியவற்றைத் திரையிலேயே இயக்கிப் பார்க்கலாம். இதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு. ஊசலின் குண்டு எடையை இரு மடங்காக்கினால் அலைவு நேரம் மாறுமா? முதலில் தன் பதிலை நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். மாறாது என்பதைக் கண்டதும், தன் ஊகம் எங்கே தவறியது என்று தேட வேண்டும். வரைபடங்களுக்கு 'ஜியோஜிப்ரா' உண்டு.

விரிவுரைகளுக்கு, ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் ஆகியவை உள்ளன. கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐஐடி மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' மென்பொருள் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. விலை உயர்ந்த மேட்லாப் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை சைலாப், பைத்தான் ஆகிய இலவச மென்பொருள்களில் செய்துகொள்ளலாம். காற்றின் தடையோடு விழும் பொருளின் வேகத்தைக் கணக்கிட இருபது வரி நிரலைத் தானே எழுதும் மாணவருக்கு, அந்தச் சமன்பாடு பிறகு மறக்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முழுத் தடை இதற்குத் தீர்வாகாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குச் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. மாலையில் பேருந்து பிடித்து ஊர் திரும்பும் மாணவிக்குக் கூடுதல் வகுப்பும் டியூஷனும் எட்டாதவை. இவர்களுக்குக் கருவி உண்மையிலேயே ஓர் ஆசிரியர். அதைப் பறித்தால் வசதி உள்ளவர்கள் மட்டுமே முன்னேறுவார்கள்.

கருவியிடம் கேட்கும் விதத்தை மாற்றலாம். "விடை சொல்" என்பதற்குப் பதிலாக "என் மூன்றாவது படியில் என்ன பிழை, விடையைச் சொல்லாதே" என்று கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும். இருபது நிமிடமாவது தாளில் போராடிய பிறகே கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் கருவியை மூடிவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

நுண்கணிதம் தெரியாத தாயும் தந்தையும்கூட இதைக் கண்காணிக்கலாம். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்றால் விசாரியுங்கள். ஒரு கணக்கைக் கைப்பேசி இல்லாமல் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் வந்திருக்கிறது.

நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. கணினி ஆய்வகத்தை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பதும், ஹார்வர்டில் செய்ததுபோலத் தங்கள் பாடத்துக்கான குறிப்புகளை ஆசிரியர்களே தயாரித்துக் கொடுப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. எம்எஸ்சி சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் தேர்வில் திரையில் ஒரு கால்குலேட்டர் மட்டுமே இருக்கும், கேட்பதற்கு வேறு எதுவும் இருக்காது. அந்த அறைக்குள் தனியாக உட்காரும் தெம்பை மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு நம் பிள்ளைகளுக்குத் தர வேண்டும்.