பழுது நாடும் கல்வி

நம் பள்ளிக்கூடங்களில் பௌதிகம் கற்பிக்கப்படும் முறையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஒரு கருவியின் பாகங்களைப் பெயர் சொல்லிக் காட்டவும், படம் வரைந்து அம்புக்குறி இடவும் மாணவனைப் பழக்கிவிடுகிறோம். அக்கருவி கெட்டுவிட்டால் எங்கே தேடத் தொடங்குவது என்று அவனைக் கேட்பதில்லை. ‘கவர்னரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க’ என்ற வினாவைக் கண்டிருக்கிறேன். ‘எஞ்சின் ஒரு கணம் விரைகிறது, மறுகணம் தளர்கிறது, காரணம் யாதாகலாம்?’ என்ற வினாவை இதுவரை கண்டதில்லை. முன்னதற்கு நினைவாற்றல் போதும். பின்னதற்கு அறிவு வேண்டும்.

இலக்கியப் பகுதியில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். நோய் வேறு, நோயின் முதல் வேறு என்று பிரித்து நாடச் சொன்னவர் வள்ளுவர். அந்தக் குறளைத் தமிழ்ப் பாட வேளையில் உருகி உருகி விளக்குகிறோம். மணி அடித்ததும் அதை அந்த வகுப்பறையிலேயே விட்டுவிட்டுப் பௌதிகக் கூடத்துக்குப் போய்விடுகிறோம். அதை இயந்திர அறைக்கும் எடுத்துச் செல்வது இலக்கியத்துக்கு இழிவாகாது.

நான் வாழும் பண்டாரவளை கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி மேலே உள்ளது. அப்புத்தளையிலிருந்து எல்ல, தெமோதரை வழியாக பதுளை வரைக்கும் புகைவண்டியில் செல்பவர் எவரும் மலைச்சரிவில் நீண்டு உயர்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளைக் காணாதிருக்க முடியாது. தோட்டத்து மக்கள் அதை ‘ஸ்டோர்’ என்றே அழைப்பர். பொதுமின்சாரம் வந்து சேருமுன் ஓடைநீரைக் குழாய்வழி இறக்கிச் சுழற்றிய நீர்ச்சக்கரமோ, எண்ணெய் எஞ்சினோ அங்கே சக்தி தந்தது. கூரையின் கீழ் ஒரு நெடும் தண்டு சுழலும். அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி உருளை யந்திரங்களையும், சலிக்கும் யந்திரங்களையும், உலர்த்தும் யந்திரத்தின் காற்றாடியையும் ஓட்டும்.

ஒரே தண்டில் இத்தனையும் தொங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. கொழுந்து நிறைந்த உருளையை வாரில் மாட்டினால் எஞ்சின் திணறும். கழற்றினால் துள்ளி ஓடும். உலர்த்தும் காற்றாடியின் வேகம் தளர்ந்தால் சூடான காற்று போதிய அளவு செல்லாது. இலை உலர்வதற்குப் பதிலாக வெந்து போகும். அன்று முழுவதும் பறித்த கொழுந்தின் மணம் அத்துடன் போயிற்று. வேகத்தைக் காப்பது இத்தனை முக்கியமாதலால், எஞ்சினின் அருகே இரண்டு இரும்புக் குண்டுகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. வேகம் மிகுந்தால் அவை வெளிநோக்கி விரியும். விரியும்போது ஒரு நெம்புகோலை இழுத்து எண்ணெயையோ நீரையோ குறைக்கும். தளர்ந்தால் உள்நோக்கிச் சுருங்கி வாயிலைத் திறக்கும். காற்றாலைகளில் முன்பே வழங்கிய இக்கருத்தை 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? ‘ஆளுநர்’ என்று மொழிபெயர்த்தால் ஊவா மாகாண ஆளுநர்தான் பிள்ளைகளின் நினைவுக்கு வருவார். ‘வேகச் சீராக்கி’ என்று சொல்லலாம். ஆயினும் ஸ்டோரில் வேலை செய்தவர்கள் ‘கவர்னர்’ என்றே வழங்கினர். நானும் அவ்வாறே வழங்குகிறேன்.

இளமையில் ஒரு தோட்டத்து எஞ்சின் டிரைவர் வேலை செய்வதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எஞ்சின் விரைவதும் தளர்வதுமாக ஆடத் தொடங்கினால், புதியவர்கள் உடனே கவர்னரின் சுருள்வில்லை மாற்ற வேண்டும் என்பர். அவர் கேட்கமாட்டார். எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். எங்கேனும் பிடிக்கிறதா, எங்கேனும் தளர்ந்து கிடக்கிறதா? மூட்டுகளில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவுவார். ஆணித்துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுவார். கவர்னரை ஓட்டும் வார் நழுவுகிறதா என்று பார்ப்பார். சுருள்வில்லின் முறை கடைசியில்தான் வரும், பெரும்பாலும் வருவதேயில்லை. “அவன் கேட்டதைத்தானே அவன் செய்வான் தம்பி, அவனுக்குச் சேதி தப்பா வந்தா அவன் என்ன பண்ணுவான்?” என்று ஒருமுறை கவர்னரைப் பற்றிச் சொன்னார். அவர் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான்.

அவர் செய்ததன் காரணம் எளிது. மூட்டில் உராய்வு இருந்தால் வேகம் சிறிது மாறும்போது கவர்னர் அசையாது. வேகம் நன்றாக விலகிய பிறகு திடீரென்று அசையும். அசையும்போது தேவைக்கு மேல் திருத்திவிடும். அத்திருத்தமே அடுத்த பிழையாகும். இந்த ஆட்டத்தைக் கணிதத்தால் ஆராய்ந்து 1868-இல் ஒரு கட்டுரை எழுதியவர், ஒளியும் மின்காந்த அலையே என்று நிறுவிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். இத்தகைய மேதை எண்ணிப் பார்த்த பொருளை நம் இயந்திர அறைகளில் இருந்தவர்கள் காதாலும் விரலாலும் அறிந்திருந்தனர் என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவ்வறிவை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதை எண்ணும்போது அப்பெருமை சுருங்கிப் போகிறது.

அமெரிக்காவில் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்வதற்காக 1870-இல் தோன்றிய நிறுவனம் உட்வர்ட். 1930-களில் அதே நிறுவனம் விமான விசிறிக்கும் கவர்னர் செய்யத் தொடங்கியது. ஆகவே ஓடைக்கரையில் இருந்த குண்டுகள்தாம் உருவில் சிறுத்து ஆகாயத்துக்கு ஏறின என்று கூறுவது வெறும் கற்பனையன்று.

விமானத்தைத் தம் வீட்டிலேயே கட்டிப் பறப்பவர்கள் உலகில் பலர் உளர். 1953-இல் விஸ்கான்சினில் இவர்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. நம் நாட்டிலும் ரே விஜேவர்தன (1924–2010) சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிப் பறந்தார். இரு சக்கர உழவு யந்திரம் ஒன்றை உருவாக்கியவரும் அவரே. இத்தகைய சிறு விமானங்கள் பலவற்றில் விசிறி அசையாச் சாய்வுடையது. சற்றுப் பெரியவற்றில் விசிறியின் இலைகள் தம் சாய்வை மாற்றிக்கொள்ளும். கவர்னர் எஞ்சினின் எண்ணெயையே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 இறாத்தல் அழுத்தத்துக்கு ஏற்றி, குழலான முதன்மைத் தண்டின் வழியே விசிறியின் குடத்துக்கு அனுப்புகிறது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் எண்ணெய் சென்றால் சாய்வு கூடும், சுற்று குறையும். எண்ணெய் திரும்பினால் சாய்வு குறையும், சுற்று ஏறும். இலைகளின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தும் வசதியுள்ள இரட்டை எஞ்சின் விமானங்களில் இது நேர்மாறு. ஒன்றுக்கு உரிய கவர்னரை மற்றொன்றில் பூட்டுவது பேராபத்து.

இங்கே பழுது தோன்றினால் என்ன செய்கிறார்கள்? கவர்னரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். பணம் செலவாகிறது, பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதலில் சுற்றுமானியையே சந்தேகிக்க வேண்டும். பொய் சொல்லும் முள்ளை நம்பி உண்மை சொல்லும் கவர்னரைத் திருகியவர்கள் அநேகர். ஒளியால் அளக்கும் கருவி கொண்டு ஒப்பிட்ட பிறகே அடுத்த படி. பின்பு விமானியின் பிடியை முழுவதும் முன்னே தள்ளும்போது கவர்னரின் கை தன் தடையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி குட்டையாக இருந்தால் எந்தக் கவர்னரும் முழுச்சுற்றுத் தராது.

நிமிடத்துக்கு 2,700 சுற்று வர வேண்டிய எஞ்சின் தரையில் நிற்கும்போது அதைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கவர்னர் குற்றவாளியா? விமானம் ஓடி எழும்போது 2,700-ஐ எட்டி அங்கேயே நின்றால் கவர்னர் நிரபராதி. தரையில் தடுத்தது விசிறியின் குறைந்த சாய்வுக்கான தடையே. காற்றில் ஏறியும் எட்டவில்லையென்றால், எஞ்சினின் வலிமை குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கவர்னரின் தடைத் திருகாணியைச் சரிசெய்யலாம். ஒரே அறிகுறி, இரண்டு நோய்.

எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறியதும் சுற்று தானே ஏறினால், இளகிய எண்ணெய் தண்டின் தாங்கியருகே கசிந்து அழுத்தத்தை இழக்கிறதா என்று ஆராய வேண்டும். அங்ஙனமாயின் கவர்னரைப் புதிதாக வாங்கினாலும் பயனில்லை. சுற்று ஆடிக்கொண்டே இருந்தால், புதிதாகப் பூட்டிய விசிறியில் காற்று தங்கியிருக்கலாம். பிடியைச் சில தடவை முன்னும் பின்னும் இழுத்தால் அது வெளியேறும். வெளியேறியும் ஆடினால், அடைசலால் கவர்னரின் சிறு வால்வு ஒட்டிக்கொள்கிறதா, எஞ்சினே இடறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டோரில் மண்ணெண்ணெயால் கழுவிய அதே பிசின்தான் இதுவும்.

தாமே கட்டிய விமானங்களுக்கு உரிய பழுது வேறொன்று உண்டு. அசையாச் சாய்வு விசிறிக்கென்று இருந்த லைக்கோமிங் எஞ்சினை வாங்கி, மாறும் சாய்வு விசிறியைப் பொருத்துவர். அப்போது தண்டின் முன்பக்க அடைப்பை எடுத்துவிட்டு, உள்ளே பின்புறம் துளையற்ற அடைப்பு ஒன்றை இட வேண்டும். அதை மறந்தால் கவர்னர் அனுப்பும் எண்ணெயெல்லாம் எஞ்சினின் அடியிலேயே வடிந்துபோகும். கவர்னரை எத்தனை முறை மாற்றினாலும் விசிறி அசையாது. இதை முதற் பயணத்துக்கு முன் கண்டுபிடிப்பதும் பின் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

இப்போது எல்லாம் மின்னணுக் கருவியாகிவிட்டதே, இந்தப் பழங்கதை எதற்கு என்பார் உளர். இலங்கையின் மலைக் கிராமங்களில் 1990-களில் பரவிய சிறு நீர்மின் நிலையங்களில் நீரைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் இல்லை என்பது மெய்தான். மிஞ்சிய மின்சாரத்தை வெப்பக் கம்பிகளுக்குத் திருப்பிவிடும் மின்னணுக் கருவி இருக்கிறது. ஆனால் அக்கருவியும் தவறான செய்தி கிடைத்தால் தவறாகவே திருத்தும். பொருள் மாறியது, தேடும் ஒழுங்கு மாறவில்லை.

நம் எழுத்தாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்தைப் பற்றிய கதைகளில் கொழுந்துக் கூடை உண்டு, லயம் உண்டு, கங்காணி உண்டு. அவை இருக்க வேண்டியவையே. ஆனால் ஸ்டோருக்குள்ளே எஞ்சின் அறையில் எண்ணெய்க் கையோடு நின்றவனை அவற்றில் அரிதாகவே காண்கிறேன். உடலால் உழைத்தவன் என்று மட்டும் நம் மக்களைச் சித்திரித்துவிட்டு, அறிவால் உழைத்தவனை விட்டுவிடுவது இன்னொரு வகை அநீதி என்பது என் கருத்து.

கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியபோது பழைய யந்திரங்கள் காட்சிக்காகவேனும் காக்கப்பட்டன. ஊவாப் பக்கத்திலும் பழைய எஞ்சின் கிடக்கும் ஸ்டோர் எதுவென்று விசாரித்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். படம் வரையச் சொல்ல வேண்டாம். கவர்னரின் நெம்புகோலைக் கையால் அசைத்து, எங்கே பிடிக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த எஞ்சினை ஓட்டியவர்களில் எவரேனும் இன்னும் லயத்தில் இருந்தால் அவரையும் அழைத்து ஒரு நாற்காலி போடுங்கள். அவர் சொல்வதை ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். தொழிற்சாலை ஓயும் நாளாகப் பார்த்துப் போவது நன்று. ஓடும் வாருக்கு அருகில் பிள்ளைகளை நிறுத்தலாகாது.