இனாமாக வரும் அங்கத்துவம்

சாமான் வாங்க வந்த சிறுபிள்ளையின் கையிலே இரண்டு கற்கண்டை வைத்து அனுப்பும் வழக்கம் நம்மூர்க் கடைகளில் நெடுங்காலம் இருந்தது. அதன் பொருளைத் தீவுப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் காரைநகரிலும், தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை நடத்திய தந்தையையோ பாட்டனையோ பெற்றிராத குடும்பங்கள் குறைவு. நாளைக்கும் அப்பிள்ளை அந்தக் கடைப்படியையே மிதிக்கவேண்டும் என்பதற்காகவே கற்கண்டு கொடுக்கப்பட்டது.

ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இதனை நினைவூட்டியது. கனடாவிலே பல்கலைக்கழகத்திற் சேர்ந்திருக்கும் அவருடைய புதல்வன், அமேசான் என்னும் இணையக்கடை மாணவருக்கு ஆறுமாத அங்கத்துவத்தை இலவசமாகக் கொடுக்கிறதென்றும், தான் அதிற் சேரப்போவதாகவும் அறிவித்தானாம். "சும்மா கொடுப்பார்களா? பின்னுக்கு ஏதும் கரைச்சல் வருமா?" என்று அந்த அன்னை வினவுகிறார். அதே சலுகையைக் கொண்டு தமக்கும் இரண்டொரு பொருளை மகன் அனுப்பலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். பிரைம் என்பது அக்கடையின் கட்டண அங்கத்துவம். சந்தா கட்டியவருக்குப் பொருள்கள் விரைவாகவும் ஏற்றுகூலி இல்லாமலும் வீடு வந்து சேரும். அதையே மாணவருக்கெனத் தனியாக 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஓராண்டு இனாம். பின்னர் அது ஆறு மாதமாயிற்று. கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளுக்கும் பரவிற்று. ஆறு மாதம் கழிந்ததும் ஏனையோர் செலுத்தும் சந்தாவில் ஏறக்குறையப் பாதியை மாணவர் செலுத்தவேண்டும்.

ஏற்றுகூலி இல்லை என்ற சொல்லின் அருமையைத் தீவார் அறிவதுபோல் வேறு எவர் அறிவார்? நெடுந்தீவில் ஒரு வீடு கட்ட முற்பட்டவரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலே வாங்கிய சீமெந்து குறிகட்டுவான் இறங்குதுறைவரை லொறியிற் போய், அங்கே வள்ளத்தில் ஏறி, கடல் கடந்து, மறுபடியும் இறக்கப்பட்டு வளவுக்கு வந்து சேரும்போது ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கூலி ஏறியிருக்கும். கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதம். ஸ்கொட்லாந்தின் வடக்கேயுள்ள தீவுகளில் வாழ்வோரும், பிரித்தானியக் கடைகள் பல தங்களிடம் மேலதிகக் கூலி அறவிடுவதாக நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கூலி எங்கேயும் ஒழிந்து போவதில்லை. யாரோ ஒருவர் கட்டுகிறார். மாணவனுக்காகக் கடைக்காரர் இன்று கட்டுகிறாரென்றால், வீடு வாசலென்று அவன் அமர்ந்தபின்னரும் தம்மிடமே வாங்குவான் என்ற கணக்கிலேதான் கட்டுகிறார். இது சூதன்று, வியாபாரம்.

நிற்க. யாருக்கு இந்தச் சலுகை உரியது? உயர்கல்வி நிலையமொன்றிலே உண்மையாகப் பயில்பவராக இருக்கவேண்டும். அதற்குச் சான்றாகக் கல்விநிலையம் வழங்கிய மின்னஞ்சல் முகவரியைக் கேட்பார்கள். அது இல்லாவிடில் அநுமதிக் கடிதம், நடப்புத் தவணையைக் காட்டும் மாணவர் அட்டை போன்ற ஆவணங்கள். முன்னரே ஒருமுறை இலவசக் காலத்தை அநுபவித்தவருக்குப் பொதுவாக இரண்டாம் முறை கிடைப்பதில்லை. மாணவருக்கான பாதிச் சந்தாவும் பட்டம் பெறும் வரைக்குமே அல்லது நான்கு ஆண்டுகளுக்கே என்றுதான் பல்லாண்டுகள் விதி இருந்தது. அண்மைக் காலத்தில் சில நாடுகளில் மாணவராயிருத்தல் என்பதோடு வயதையும் தகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே 18 முதல் 24 வயது வரையுள்ளோர் படித்தாலும் படிக்காவிட்டாலும் சேரலாம். இந்தியாவிலும் இளைஞருக்கான கழிவு அதே வயதெல்லையைக் கொண்டே கொடுக்கப்பட்டு வந்தது.

இங்கே நம்மவர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டிலே ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால், அத்தானும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்பிள்ளையின் பெயரிலே வாங்கிக்கொள்ளும் பழக்கம் புலம்பெயர்ந்த நாடுகளில் உண்டென்று கேள்விப்படுகிறோம். சலுகை மாணவனுக்கே உரியது. கணக்கு முடக்கப்பட்டால் சித்தியின் பெயருக்கு ஒன்றும் நேராது. முடங்குவது பிள்ளையின் பெயர்.

அந்தத் தாயார் அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஏழாம் மாதம். சேரும்போதே கடனட்டை அல்லது வங்கி அட்டையின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இலவசக் காலம் முடிந்தால், வேண்டாமென்று சொல்லாதவரை, பணம் தானாகவே கழியத் தொடங்கும். சேருவது எளிது, விலகுவது அத்துணை எளிதாக இருந்ததில்லை. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2023 ஜூன் மாதத்தில் இதனையே குறித்து வழக்குத் தொடர்ந்தது. மாணவர் மட்டுமன்றிப் பிரைம் அங்கத்தவர் பலரும் தெளிவான சம்மதமின்றிச் சேர்க்கப்பட்டனரென்றும், விலகும் வழி வேண்டுமென்றே வளைத்து நீட்டப்பட்டிருந்ததென்றும் ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அந்த விலகும் வழிக்கு நிறுவனத்தினுள்ளே வழங்கிய பெயர் 'இலியட்' என்றும் அவ்வழக்கிற் கூறப்பட்டது. பத்தாண்டுப் போரைப் பாடும் கிரேக்க மகாகாவியத்தின் பெயரை அதற்குச் சூட்டியவர் நகைச்சுவை உள்ளவர்தாம்! 2025 செப்டெம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டொலர் செலுத்த நிறுவனம் இணங்கியது. அதில் 100 கோடி அபராதம். 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

அங்கத்துவம் என்ற சொல்லை நம் தாய்மார் முதன்முதலிற் கேட்டது சங்கக்கடையிலே. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் என்னும் ஊரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் பங்குப்பணம் போட்டுத் தொடங்கிய கடையின் வழிவந்தவை நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். அங்கே இனாம் கிடையாது. பங்கு வாங்கியே அங்கத்தவராக வேண்டும். ஆனால் கடையில் அவருக்கும் உரிமை உண்டு, பொதுக்கூட்டத்திலே எழுந்து கணக்குக் கேட்கலாம். நம் சங்கக்கடைகளிற் சில நலிந்துபோனமைக்கு அப்படி எழுந்து கேட்பவர் குறைந்ததும் ஒரு காரணமென்பது நமது அபிப்பிராயம். இனாமாகச் சேர்ந்த அங்கத்தவருக்கோ கேட்க ஒரு கூட்டமே இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பயிலும் நம் தீவுப் பிள்ளைகளுக்கு இச்சலுகை கிடையாது; அந்நிறுவனத்துக்கு இலங்கையிலே தனிக்கடை இல்லை. இவர்களுக்கு உள்ளவை பஸ்ஸுக்கான பருவச்சீட்டும், குடும்ப வருமானத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் நோக்கி வழங்கப்படும் மகாபொல உதவிப்பணமும். மகாபொல என்றால் சிங்களத்திலே பெருஞ்சந்தை என்று பொருள். வர்த்தகக் கண்காட்சிகளின் வருவாயைக் கொண்டு தொடங்கி, 1981இல் சட்டத்தினால் நிதியமாக்கப்பட்டது. சந்தைப் பணம் மாணவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு வழி. இதற்கு ஏழாம் மாதச் சிட்டை வருவதில்லை.

ஆகவே, அம்மையாரே, மகன் சேரட்டும். சேர்ந்த அன்றே ஐந்தரை மாதம் கழித்து வரும் திகதியை அவன் நாட்காட்டியிலே குறித்து வைக்கட்டும். உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் அறிவித்தல்களுக்குப் பல்கலைக்கழக முகவரியை மட்டும் நம்பவேண்டாம். படிப்பு முடிந்தபின் அந்தப் பெட்டியை அவன் திறந்து பார்ப்பதும் ஐயம், அது மூடப்படாமலிருப்பதும் ஐயம். சந்தாவோ கழிந்துகொண்டே இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஏற்றுகூலி இல்லை என்பது கனடாவுக்குள்ளே உள்ள விலாசங்களுக்குத்தான். ஊர்காவற்றுறைக்கு வரும் பொதிக்கு அவன் தனியாகக் கூலி கட்டவேண்டும். சுங்கத்தீர்வை இருந்தால் அதை நீங்கள் கட்ட நேரிடும்.