பங்க்கை அடைச்சு நிக்கிற பைக்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண்ணு நேரா ஹீமோகுளோபினுக்குத்தான் போகும். 12.5 இல்லைன்னா ரத்ததான முகாம்ல திருப்பி அனுப்பிடுவாங்களே! அதே ரிப்போர்ட்ல எம்.சி.வி.ன்னு இன்னொரு வரி இருக்கும். யாரும் கண்டுக்கிறதில்லை. உங்க சிவப்பு செல் சராசரியா எவ்வளவு பெருசுன்னு சொல்ற எண் அது. பெரியவங்களுக்கு 80-லிருந்து 100 ஃபெம்டோலிட்டர் வரை நார்மல். இரும்புச்சத்துக் குறைவு முத்திப்போச்சுன்னா 80-க்குக் கீழே இறங்கிடும்.

செல் ஏன் சின்னதாகணும்? அது செல்லோட சாமர்த்தியம் பாஸ்!

ஒரு ஹீமோகுளோபின்ல நாலு குளோபின் புரதம். ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு ஹீம். அதுக்கு நடுவுலதான் இரும்பு. இரும்பு இல்லைன்னா ஹீம் இல்லை. அப்போ குளோபின் மட்டும் தயாராகிட்டே இருந்தா? ஜோடி கிடைக்காத குளோபின் கட்டி கட்டியா படிஞ்சு செல்லுக்கே உலை வெச்சிடும். இளம் சிவப்பு செல் தன் நியூக்ளியஸை ஏற்கெனவே வெளியே தள்ளிடுது. குளோபின் செய்யற ஆர்டர் எல்லாம் எம்.ஆர்.என்.ஏ.வா கையில ரெடி. இனி ஜீனை ஆஃப் பண்ண முடியாது. புரத உற்பத்தியை ஸ்டார்ட்டிங்லயே நிறுத்தணும்.

எப்படி? ரிபோசோம் வேலையை ஆரம்பிக்க முதல் அமினோ அமிலமான மெத்தியோனைன் வேணும். அதை ஏத்திட்டு வர்ற பைக்தான் இ.ஐ.எஃப்.2. ஒரு டிரிப் முடிஞ்சா ஜி.டி.பி.ங்கிற பெட்ரோல் காலி. திரும்ப நிரப்ப இ.ஐ.எஃப்.2பி.ங்கிற பங்க்குக்குப் போகணும். ஹீம் குறைஞ்சா, அதுவரை தூங்கிட்டிருந்த எச்.ஆர்.ஐ. என்சைம் முழிச்சுக்கும். சில பைக்குகள்ல பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அந்த பைக் பங்க்குக்குள்ள போனா நகராது. பைக்கைவிட பங்க் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. நாலைஞ்சு பைக் அடைச்சு நின்னா போதும், மொத்த க்யூவும் ஸ்தம்பிச்சிடும். புது குளோபின் கிடையாது. செல் சின்னதாகும், ஆனா பிழைச்சுக்கும்.

இதுக்கு ஆதாரம்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த (நம்ம குரோம்பேட்டை இல்லீங்க!) ஜேன்-ஜேன் சென் குழு 2001-ல் எச்.ஆர்.ஐ. இல்லாத எலிகளுக்கு இரும்பு குறைவான தீனி போட்டுப் பார்த்தது. சிவப்பு செல்கள் சின்னதாகவே இல்லை. உள்ளே குளோபின் கட்டிதான் சேர்ந்தது. வளர வேண்டிய செல்கள் எலும்பு மஜ்ஜையிலயே செத்துப்போச்சு.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்ற கணக்கு: இந்தியாவுல 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. காலை டிபனை கட் அடிக்கிற ஹாஸ்டல் பார்ட்டிகளே, நோட் பண்ணுங்க! எம்.சி.வி. கம்மின்னா நீங்களே இரும்பு மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க. தலசீமியா மரபணு இருந்தாலும் அப்படிக் காட்டும். டாக்டரைப் பாருங்க. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிஞ்சுக்குங்க. சாப்பிட்ட கையோட டீ மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!